நாலு கூட்டிக்க

வெயில் படுவதற்குள் பேட்டரியைப் படித்துவிட வேண்டும். சூரியத் தகட்டில் வெளிச்சம் விழுந்துவிட்டால் மீட்டர் பொய் சொல்லத் தொடங்கிவிடும். சாகப்போகிற பேட்டரிகூடப் பதின்மூன்று வோல்ட் காட்டும். இரவெல்லாம் சும்மா கிடந்த பேட்டரி விடிவதற்கு முன் என்ன காட்டுகிறதோ அதுதான் அதன் பலம். புவனேசனுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் பதினேழு வருஷம் விடிகாலைப் பெரட்டில் நின்று பெயர் கொடுத்த உடம்பு அது. தோட்டம் கைமாறி வங்காளதேசத்து ஆட்கள் வந்த பிறகும் ஐந்து மணிக்கு அதுவாக எழுந்துகொள்ளும்.

பீடோங்கில் அவனுக்கு அரசாங்கம் கட்டிய மலிவு வீடு. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் மெர்போக் ஆற்றுக்கு வருவான். ஆற்றின் கழிமுகத்துக்குக் கொஞ்சம் உள்ளே, சதுப்புக் காட்டு ஓரமாகப் பாய்மரப் படகுகள் ஏழு நின்றன. எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுடையவை. அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் படகைப் பார்த்துக்கொள்வது புவனேசன் வேலை. கயிறு இறுக்குவான், மேல்தளம் கழுவுவான், பாசி சுரண்டுவான். ஆறு படகுகள் அவனுக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை. ஏழாவது பெலிக்கன். வயதான ஆஸ்திரேலியர் ஒருவருடையது. முதலாளி என்ற கணக்கில் அவரை எல்லாரும் போஸ் என்றே சொன்னார்கள்.

பெலிக்கனுக்கு அடியில் ஒழுக்கு. எஞ்சினிலிருந்து தண்ணீருக்கடியில் சுற்றும் காற்றாடிக்குப் போகும் இரும்புத் தண்டு படகின் வயிற்றைத் துளைத்து வெளியே போகிற இடத்தில், அடைப்பு தேய்ந்து தண்ணீர் சொட்டியது. தண்டு சுற்றினால் சொட்டுவது ஓடும். அந்தத் தண்ணீரை ஒரு பம்பு தானாக இறைத்து வெளியே தள்ளும். பம்புக்கு உயிர் பேட்டரி. எஞ்சினைக் கிளப்பத் தனியாக இருந்த பேட்டரி போன வருஷமே செத்துவிட்டது. லங்காவித் தீவுக்குப் போனதும் புதுசு போடலாம் என்றார் போஸ். கையால் அடிக்கும் பம்பின் ரப்பர் கிழிந்து கிடந்தது. அதுவும் லங்காவியில்தான். அதுவரைக்கும் எஞ்சின், பம்பு, விளக்கு, ரேடியோ எல்லாமே ஒரே பேட்டரியில் தொங்கின.

பன்னிரண்டு புள்ளி ஏழு என்றால் வயிறு நிறைந்த பேட்டரி. பன்னிரண்டு புள்ளி இரண்டு என்றால் பாதி. பன்னிரண்டுக்குக் கீழே போனால் நம்பாதே. இவ்வளவுதான் பாடம். ஆனால் பெலிக்கனின் மீட்டர் எப்போதும் புள்ளி நாலு குறைத்துக் காட்டும். இது போன மார்ச்சில் தெரிந்தது. சுங்கைப் பட்டாணியில் வயரிங் வேலை செய்யும் ரிஸால் வந்து தன் கை மீட்டரை நேராகப் பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு ஏழு. சுவரில் இருந்த மீட்டர் பன்னிரண்டு மூன்று. பேட்டரி முனையில் மீட்டர் கம்பியின் செம்புத் தகட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். முந்தின வருஷம் ஆயுத பூசைக்குப் புவனேசன் அள்ளிப் பூசிய சந்தனம் தகட்டுக்கு அடியில் இறங்கிக் காய்ந்து, பச்சைப் பச்சையாய்ப் பூத்திருந்தது.

"சாமிக்குப் பொட்டு வச்சீங்கண்ணே, மீட்டருக்குக் கண்ணு மறைச்சிருச்சு. இதக் கழட்டித் தேய்க்கணும். இப்ப எனக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் காட்டுறதுல நாலு கூட்டிக்கங்க லா."

ரிஸால் திரும்பி வரவில்லை. புவனேசனும் கூப்பிடவில்லை. ஒரு கருவி காட்டுவதுதான் கணக்கு என்று அவன் எந்தக் காலத்திலும் நினைத்தவனல்ல. அப்பா ரப்பர்ப் பால் வெட்டிய காலத்தில் வாளியோடு ஸ்டோருக்கு ஓடியிருக்கிறான். கணக்கெழுதும் கிராணி தராசைப் பார்ப்பார், தண்ணீருக்கு இவ்வளவு, வாளிக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் சொல்வார். ஏன் என்று கேட்டவன் கிடையாது. அங்கே கழித்தார்கள், இங்கே கூட்டு. தினமும் காலையில் கூட்டிய எண்ணையே போஸுக்கு வாட்ஸப்பில் தட்டுவான். மீட்டரைப் படம் பிடித்து அனுப்பினால் விளக்கம் சொல்ல வேண்டும். அவனுடைய ஆங்கிலத்துக்கு அது பெரிய சுமை.

புவனேசனின் மனைவி யோகேஸ்வரியின் தம்பி காளிதாசன் அக்கா வீட்டோடு இருந்தான். முப்பத்தொரு வயது. எண்ணெய் ஆலையில் வலது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தவன். அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது, யோகேஸ்வரிக்குப் பதினாலு. அன்றையிலிருந்து அவனுக்குச் சோறு போட்டவள் அவள். காளிதாசனும் ஆற்றுக்கு வந்து படகு கழுவினான். மீட்டர் பார்க்க அவனுக்கும் புவனேசன் சொல்லிக் கொடுத்தான். என்ன காட்டுதோ அதுல நாலு கூட்டிக்க. அவ்வளவுதான் சொன்னது. ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூசையைப் பெலிக்கனிலேயே வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. போஸ் படகை லங்காவிக்குக் கொண்டுபோய்க் கரையில் ஏற்றி ஒழுக்கை அடைக்கச் சொல்லியிருந்தார். தஞ்சோங் டாவாய் மீன் துறையைச் சேர்ந்த ஜைனல் ஓட்டுவார். அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரை நானா என்பார்கள். கூடமாட ஒத்தாசைக்குக் காளிதாசன். அங்கே பட்டறையில் ஒரு வேலையும் பார்த்து வைப்பதாக ஜைனல் சொல்லியிருந்தார். பூசை அன்று காலை புவனேசன் பீடோங் பாசாருக்குப் போய் வாழைக்கன்று, எலுமிச்சை, நீர்ப்பூசணி, ஒரு கிலோ கடலை வாங்கிக்கொண்டு வந்தபோது படகு உள்ளும் புறமும் கழுவி முடிந்திருந்தது. யோகேஸ்வரி வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். எஞ்சினுக்கும் சுக்கானுக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் பொட்டு வைத்தார்கள். கடலையைத் தாளித்துப் பக்கத்துப் படகுகளுக்குக் கொடுத்தார்கள். காளிதாசன் பாய்மரத்தைச் சுற்றிக் கலர் விளக்கு கட்டிப் பேட்டரியில் சொருகினான்.

பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. யாரும் தொடவில்லை, மீட்டரைக்கூடப் பார்க்கவில்லை. விளக்கு அன்று இரவும் மறுநாள் பகலும் எரிந்தது. பம்பும் ஓடியது. அதற்கு மறுநாள் விடியுமுன் புவனேசன் மீட்டரைப் பார்த்தான். பன்னிரண்டு மூன்று. எப்போதும் காட்டுகிற அதே எண். சாமி நல்லபடியா வச்சிருக்கு என்று நினைத்துக்கொண்டு, போஸுக்குப் பன்னிரண்டு ஏழு என்று தட்டினான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜெராய் மலை இடுப்புக்கு மேலே தெரியவில்லை. எட்டு நாள் சூரியத் தகட்டின் மேல் சாம்பல் வெளிச்சம்தான் விழுந்தது. கயிறெல்லாம் பூஞ்சை நாற்றம். பம்பு மணிக்கு நாலு முறை உறுமியது. முன்பு இரண்டு முறைதான். மீட்டர் மெல்ல இறங்கி, ஏறி, இறங்கியது. ஒரு காலை, பம்பு ஓடி முடியும்போது சுருதி மாறி முனகியதை அவன் கேட்டான். பழைய பம்பு, கிழவன் மாதிரி முனகத்தான் செய்யும் என்று காளிதாசன் சொன்னான்.

புறப்படுவதற்கு முந்தின மாலை யோகேஸ்வரி நெத்திலியை மிளகாய்ச் சம்பாலில் புரட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு வழிக்கு. முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"நீச்சல் தெரியாதவன போட்டுல கடலுக்கு அனுப்புறீங்க."

"போட்டு நீந்தும். அவன் எதுக்கு நீந்தணும்?"

"விளையாட்டு இல்ல. தோட்டத்து மண்ணுல உருண்டவன் அவன். பத்து அடி டிட்ச் தண்ணியக் கண்டாலே ஒதுங்கிப் போவான்."

காளிதாசன் உள்ளே துணி மடித்துக்கொண்டே, லங்காவியிலிருந்து சாக்லேட் மூட்டை கட்டிக்கொண்டு வரப்போவதாகவும், அக்கா அதைத் தின்றே சுகர் ஏற்றிக்கொள்ளப் போவதாகவும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் போட்டு தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அது நல்லா இருக்கா?"

"நான் தினமும் பாக்குறேன் யோகேஸ்."

"அத கேக்கல."

"நல்லா இருக்கு" என்றான் புவனேசன். அவன் அதை நம்பித்தான் சொன்னான்.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. காற்று அசையவில்லை, ஆற்றின் மேல் எண்ணெய் ஊற்றினாற்போல் பளபளப்பு. ஜைனல் சரோங்கைக் கழற்றிக் கால்சட்டைக்கு மாறியபடி சேற்று வாசத்தை முகர்ந்து பார்த்தார். அறுபதை நெருங்கியவர். நாற்பது வருஷம் மீன் பிடித்தவர். மத்தியானத்துக்கு மேல் மேற்கே எழும்பும், அதற்குள் பாதி தூரம் போய்விட வேண்டும் என்றார். குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"பன்னெண்டு ஒன்னு காட்டுதே, தம்பி?"

"நாலு கூட்டிக்கங்க நானா. அது அப்படித்தான். பன்னெண்டரை இருக்கு."

"பன்னெண்டர போதுமா?"

"பாதிக்கு மேல. எஞ்சின் ஓடுனா இன்னும் ஏறும்."

ஜைனல் அதற்கு மேல் கேட்கவில்லை. கடல் அவருக்குத் தெரியும். பேட்டரி புவனேசனுக்குத் தெரியும். ஒருவன் வேலையில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது. கழிமுகத்து மணல்மேட்டைத் தாண்டியதும் காற்றுக் கிடைத்தால் எஞ்சினை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். ஓட ஓட ஒழுக்கு அதிகம். எஞ்சின் இரண்டு முறை இழுத்துக் கிளம்பியது. இரண்டு முறை. புவனேசன் அதைக் கவனித்தான். ஈரம் என்று நினைத்தான். பெலிக்கன் திரும்பும்போது காளிதாசன் மூன்று விரல் கையை உயர்த்தி ஆட்டினான். அவன் போட்டிருந்த ஆரஞ்சு நிற உயிர்ச்சட்டையின் பக்கவாட்டில் பஞ்சு வெளியே தெரிந்தது. படகில் இருந்த நாலில் இரண்டு அப்படித்தான்.

ஒரு மணிக்குப் புவனேசன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். சார்டின் குழம்பு, முந்தின நாள் சம்பாலில் மிச்சம். வெளியே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஈரத் துணியைப் பிழியாமல் தொங்கவிட்ட மாதிரி வானம். காளிதாசன் பதினொன்றரைக்கு அனுப்பிய படம் போனில் இருந்தது: வெள்ளைப் பாய், சாம்பல் கடல், அவன் பல். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. யான் ஊர்க் கரையை விட்டு விலகினால் லைன் கிடைக்காது, பயப்படாதே என்று புவனேசன் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

யோகேஸ்வரி அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்கு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குத்துவிளக்கு, தூபக்கால், செம்புப் பஞ்சபாத்திரம். புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, தேங்காய் நாரால். பாத்திரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"செம்புக்குப் புளிதான். உங்க போட்டுல அந்தச் சின்னத் தகடு எவ்வளவு பச்சையா இருந்துச்சு. ஒரு உருண்டை புளி. பளபளன்னு ஆயிருச்சு."

புவனேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "எந்தத் தகடு?"

"பேட்டரி மேல, மெல்லிசு வயரு ஒன்னு வருமே. பூசை அன்னிக்கி நீங்க பாசாருக்குப் போயிருந்தீங்க. அழுக்கு மேலயே பொட்டு வைக்கிறதான்னு காளிய ஸ்பேனர் எடுத்துக் கழட்டச் சொன்னேன். தேய்ச்சுத் துடைச்சுக் கொடுத்தேன், அவன் திருப்பி முடுக்கிட்டான்."

அவன் கை நின்றது. அவள் இன்னும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மூன்று. பூசைக்கு முன்னாலும் அதே எண், பின்னாலும் அதே எண். முன்னால் மீட்டரின் கண் மறைந்திருந்தது. உள்ளே பேட்டரி நிறைந்திருந்தது. பின்னால் கண் தெளிந்துவிட்டது. ஓர் இரவும் ஒரு பகலும் கலர் விளக்கு எரிந்து பேட்டரி பாதிக்குப் பக்கமாக இறங்கிக் கிடந்தது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றன. அவன் நாலு கூட்டினான். எட்டு நாள் கூட்டினான். இன்று காலை மீட்டர் பன்னிரண்டு ஒன்று காட்டியது. அது பன்னிரண்டு ஒன்றுதான். பேட்டரியில் பாதிகூட இல்லை.

"என்னங்க?"

அவன் எழுந்து எச்சில் கையோடு போனை எடுத்தான். திரையில் குழம்பு ஒட்டியது. கூப்பிட்டான். லைன் கிடைக்கவில்லை. மறுபடி. வாசலுக்குப் போனான், தெருவுக்குப் போனான், அங்கே நின்றால் கடலில் லைன் கிடைத்துவிடும் என்பதுபோல. யோகேஸ்வரி புளிக் கையோடு பின்னால் வந்தாள். எஞ்சினை நிறுத்தாமல் இருந்தால் ஒன்றும் இல்லை என்று மட்டும் அவளிடம் சொன்னான். நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்ப முடியாது, பம்பும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஏன் என்று கேட்டாள். சொன்னான். நீ தேய்ச்சது தப்பில்லை, ரிஸால் தேய்க்கத்தான் சொன்னான், நான்தான் தேய்க்கவில்லை என்றான். அவள் தன் விரல்களைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பதினேழாவது முறை மணி அடித்தது. காளிதாசன் எடுத்தான். காற்று இரைச்சல்.

"மாமா! நீங்க வந்திருக்கணும் மாமா. நல்ல காத்து. நானா எஞ்சின பத்து மணிக்கே நிப்பாட்டிட்டாரு. சுக்கான மெசினே ஓட்டுது. எவ்வளவு அமைதியா இருக்கு, கேளுங்க."

போனைத் தூக்கிப் பிடித்திருப்பான். தண்ணீர் படகைத் தட்டும் சத்தம் கேட்டது. அதற்கு அடியில், மெலிதாக, பம்பின் முனகல். நிற்காத முனகல்.

"காளி, மீட்டர் என்ன காட்டுது? போய்ப் பாரு."

போனான். திரும்பி வந்தான்.

"பதினொன்னு ஒம்பது மாமா."

"கூட்டுனியா?"

"கூட்டித்தான் சொல்றேன். பதினொன்னரை காட்டுது. நாலு கூட்டிட்டேன்."

புவனேசன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எதையும் விளக்க நேரம் இல்லை. விளக்கிப் பழக்கமும் இல்லை.

"கூட்டாத. காட்டுறதுதான். நானாகிட்ட சொல்லு, இப்பவே எஞ்சின கிளப்பச் சொல்லு. சுக்கான் மெசின அடை. எல்லாத்தையும் அடை. எஞ்சின மட்டும் கிளப்புங்க."

காளிதாசன் கத்திச் சொல்வதும், ஜைனல் ஏதோ கேட்பதும், கால்கள் தடதடவென இறங்குவதும் கேட்டன. பிறகு சாவி திருப்பும் இடைவெளி.

டக்.

புவனேசன் காத்திருந்தான். யோகேஸ்வரி தன் காதைப் போனின் மறுபக்கத்தில் ஒட்டவைத்திருந்தாள். அவளிடமிருந்து புளி வாசம் வந்தது.

டக். டக்.

"மாமா, தட்டுது, சுத்தமாட்டேங்குது" என்றான் காளிதாசன். குரலில் இன்னும் பயம் இல்லை. சந்தேகம்தான். "மேக்கால கருப்பா எழும்புது மாமா. நானா பாய இறக்கச் சொல்றாரு. கால்ல தண்ணி வருது, பலகைக்கு மேல. நான் அப்பறம்..."

லைன் போனது.

அவர்கள் மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் டாவாய்க்கு வந்தபோது மூன்றேகால். கருவாட்டுக் கடைக்காரர்கள் பரப்பி வைத்திருந்ததை அள்ளித் தகரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேற்கே புலாவ் பீடான் தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சுவர் நின்றது. அது கரையை நோக்கி நகர்ந்தது. முதலில் காற்று வந்தது, பிறகு மழை பக்கவாட்டில் வந்தது. துறையில் கட்டிய மீன் படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. புவனேசன் படகுக்காரர்களிடம் போய்ப் பேசினான். அவர்களுக்கு ஜைனலைத் தெரியும். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. இது விடட்டும் என்றார்கள். ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பெலிக்கனின் ரேடியோவும் அதே பேட்டரிதான் என்று புவனேசன் சொன்ன பிறகு, கூப்பிட்டவர் மைக்கை மெதுவாக மாட்டிவிட்டார்.

யோகேஸ்வரி மீன் பெட்டிகளின் நடுவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. காற்று குறையும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தாள். ஒருமுறை மட்டும் பேசினாள்.

"கையில வாளி இருக்குமா? வாளியால எறைப்பான்ல. ரெண்டு வெரலு இல்லாட்டியும் அவன் நல்லா எறைப்பான்."

"இருக்கு. ரெண்டு வாளி இருக்கு" என்றான் புவனேசன். பூசைக்குப் படகு கழுவிய வாளிகளை அவள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். அது அவனுக்கு நினைவு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தரைக்கு மழை தூறலானது. கடல் இன்னும் கொதித்தது. கடல் காவல்காரர்கள் புவனேசனின் எண்ணுக்கே திருப்பி அழைத்தார்கள். வரும் வழியில் மூன்று மணிக்கே அவன் தகவல் சொல்லியிருந்தான். இப்போது பேசியவர் வேறொருவர், பொறுமையான மலாய்க்காரர். இரண்டு படகுகள் கிளம்புகின்றன என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டார். நிறம்? வெள்ளை, நீலக் கோடு. ஆட்கள்? இரண்டு. கடைசியாகப் பேசிய நேரம்? ஒன்று ஐம்பது. உயிர்ச்சட்டை? நாலு, இரண்டு கிழிந்தது. நீச்சல்? ஒருவருக்குத் தெரியும். புவனேசன் பெரட்டில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். யோகேஸ்வரி பக்கத்தில் வந்து அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கடைசிக் கேள்விக்கு வந்தார். இருட்ட ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது, எங்கள் ஆட்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் படகில் விளக்கு எரியுமா?

பதினொன்றரை வோல்ட். அது ஒன்று ஐம்பதுக்கு. அதற்குப் பிறகு பம்பு.

புவனேசன் மலாயில் சொன்னான், எரியாது என்று.

யோகேஸ்வரிக்கு மலாய் நன்றாகத் தெரியும்.